ரீஸ்டார்ட் செய்யாதவர்

அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று இரண்டு நாள் முயன்று பார்த்தேன். வேலை தெரிந்தவர் என்பதைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை. அதையும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. வேலை தெரியாத ஒருவர் அப்படி நடந்துகொண்டிருந்தால் ஒரே வாரத்தில் அனுப்பியிருப்பார்கள். தெரிந்ததால்தான் ஆறு வருஷம் எல்லோரும் அவரைப் பொறுத்துக்கொண்டோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் பொருள்களுக்கான அச்சுகள் செய்யும் கம்பெனி அது. பாட்டில் மூடியோ சுவிட்ச் பெட்டியோ, எதை பிளாஸ்டிக்கில் வார்ப்பதென்றாலும் முதலில் இரும்பில் ஓர் அச்சு வேண்டும். அந்த அச்சைக் கம்ப்யூட்டரில் வரையும் மூன்று பேரில் நான் ஒருத்தி. திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். அவர் அங்கே சிஸ்டம் அட்மின். அறுபது பேர் வேலை பார்த்த இடத்தில் இருந்த இருபத்துச் சொச்சம் கம்ப்யூட்டர்களுக்கும், எங்கள் வரைபடங்கள் மொத்தமும் கிடந்த சர்வருக்கும் அவர்தான் அதிகாரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்திலிருக்கும் பாடியில் பிறந்து பாடியிலேயே வளர்ந்தவர். சர்வர் அறைக்குள் யாரும் ஷூ போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தார். அதற்காக வைத்திருந்த ரப்பர் செருப்போடுதான் கேன்டீன், கழிப்பறை, கேட் என்று எங்கும் திரிந்தார்.

நான் சேர்ந்த அன்று அவர் என்னிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன ஓஎஸ், அதாவது என்ன இயங்குதளம் என்றுதான் கேட்டார். பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான் சார் இருக்கிறது என்றேன். அந்த லேப்டாப்பில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஆன் செய்ததும் லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும்.

"அதுல ரெண்டு கீதே, நீ எத்த தொறப்ப?"

"விண்டோஸ் சார்."

"இன்னொன்ன ஒரு நாளாச்சும் தொறந்து பாத்தியா?"

இல்லை என்றேன். அவர் என் மேஜைக்காகக் கொண்டுவந்திருந்த புது கீபோர்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில், ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்ற பழையது ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். நான்கு வருஷம் அதில்தான் தட்டினேன்.

மனிதர்களை அவர் எடைபோட்ட விதம் அதுதான். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் சோம்பேறிகள். மேக் வைத்திருப்பவர்கள் படம் காட்டுபவர்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களிலும் பாதிப் பேர் தப்பான லினக்ஸை வைத்திருந்தார்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதை விளக்கிக்கொண்டே இருப்பார். "விண்டோஸ்னா வாடகை ஊடு. நீ குளிச்சிகினு இருக்கசொல்ல ஓனர் வந்து செவுத்துக்குப் பெயின்ட் அடிப்பான், கேக்க முடியாது. மேக்னா கல்யாண மண்டபம். ஏசி கீது, லைட்டு கீது, ஒரு ஆணி அடிக்க வுடமாட்டான். லினக்ஸ்னா சொந்த ஊடு." இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் வாடகை வீட்டுக்காரரா என்று அவர் யோசித்ததே இல்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் வாடகைக்கு இருந்தோம்.

முதலாளிக்கு அவரைப் பிடித்திருந்தது. லினக்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், வரவேற்பு என்று எல்லா மேஜைகளிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு கணக்குப் பிரிவின் பிரிண்டர் பாதிப் பக்கத்துக்கு மேல் அச்சடிக்கவில்லை. அவரிடம் போய்ச் சொன்னால், அந்தப் பிரிண்டரை வாங்கியவரைப் போய்க் கேளுங்கள் என்பார். எங்கள் மூன்று பேரின் கம்ப்யூட்டர்களில் மட்டும் அவரால் கைவைக்க முடியவில்லை. அச்சு வரையும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். அந்த ஆத்திரத்தில் எங்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டார். எந்த வரைபடமும் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கக்கூடாது, சர்வரில்தான் இருக்க வேண்டும், பென் டிரைவ் கண்ணில் பட்டால் பிடுங்கிக்கொள்வேன் என்றார்.

சர்வர் அறைக் கதவில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. சர்வர் ஒருமுறைகூட நிற்காமல் எத்தனை நாளாக ஓடுகிறது என்பதை அவர் தினமும் காலையில் அதில் எழுதுவார். முந்தின நாள் எண்ணை விரலால் அழித்துவிட்டு, புது எண்ணை எழுதி, இரண்டடி பின்னால் வந்து நின்று பார்ப்பார். யாராவது அந்தப் பக்கம் போனால் நிறுத்தி, உன் கம்ப்யூட்டரை எத்தனை நாளைக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுகிறாய் என்று கேட்பார். தினமும் அணைத்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னவர்களைப் பார்த்து அவர் முகத்தில் வரும் இளிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

தரப் பரிசோதனையில் ஒரு இன்ஜினியர் இருந்தார். வீட்டில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றைத் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டி, இணையத்தில் துப்பாக்கிச் சண்டை விளையாடுபவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், என்ன இருந்தாலும் கேமுக்கு விண்டோஸ்தான் அண்ணா என்று வெகுளியாகச் சொல்லிவிட்டார். அன்று யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. சுட வேண்டுமென்றால் மெரினாவில் போய் பலூன் சுடு, அதற்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று அட்மின் ஆரம்பித்தார். அந்த மாதிரி விளையாட்டுகள், ஆடுபவர் ஏமாற்றுகிறாரா என்று பார்ப்பதற்காக இயங்குதளத்தின் அடிமட்டம் வரை போக அனுமதி கேட்கின்றன, லினக்ஸில் அது நடக்காது என்பதால்தான் அவை அங்கே ஓடுவதில்லை என்றார். "ஊட்டு சாவிய எவன் கையிலயோ குட்த்துட்டு உள்ள ஆடிகினு கீற. ஒனக்கெல்லாம் எதுக்குடா டிகிரி?" அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ஆனால் அந்த இன்ஜினியர் தட்டை மூடிக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை.

இதெல்லாம் சில்லறை. ஸ்டோர்ஸ்காரருக்கு அவர் செய்தது அப்படியல்ல.

ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த ஊரின் பழைய குடும்பம். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அங்கே அவர்களுக்கு நெல் வயல் இருந்ததாகச் சொல்வார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஒருநாள் பில் என்ற பெயரில் வந்த மின்னஞ்சல் ஒன்றிலிருந்த கோப்பைத் திறந்துவிட்டார். அது வைரஸ். விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது என்பதால் ஸ்டோர்ஸின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒன்றுமே ஆகவில்லை. அட்மின் அதைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததோடு விட்டிருக்கலாம். மீட்டிங் ஹாலுக்கு எல்லோரையும் வரச் சொல்லி, அந்த மின்னஞ்சலைத் திரையில் போட்டு, ஸ்டோர்ஸ்காரரை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இதே விண்டோஸா இருந்தா இந்நேரம் கம்பெனி காலி. காப்பாத்துனது இன்னா? லினக்ஸு. கவுக்கப் பாத்தது யாரு?"

ஸ்டோர்ஸ்காரர் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு நின்றார். தெரியாமல் செய்துவிட்டேன்பா என்று மெதுவாகச் சொன்னார். தெரியாது என்றால் தொடாதே என்று அவருக்குப் பதில் கிடைத்தது. முதலாளி பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஸ்டோர்ஸ்காரர் மவுஸைத் தொடும்போதெல்லாம் அக்கம்பக்கம் பார்க்க ஆரம்பித்தார். மின்னஞ்சல் வந்தால் வரவேற்பிலிருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, இதைத் திறக்கலாமாம்மா என்று கேட்பார். நான் அட்மினை வெறுக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். அதுவரை எரிச்சல்தான் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு டெங்கு வந்தது. பத்து நாள் வரவில்லை. எட்டாம் நாள் சர்வரில் இடம் நிரம்பி, எங்களால் எதையும் சேமிக்க முடியவில்லை. பாஸ்வேர்ட் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். போனை எடுக்கவில்லை. முதலாளி என்னைப் பாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

மேம்பாலத்துக்குப் பின்னால், லாரிகள் நிற்கும் தெருவைத் தாண்டி ஒரு சந்தில் வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். எஸ்டேட்டிலேயே ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவர், அவரைக் கவனித்துக்கொள்வதற்காக லீவு போட்டிருந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, மாடியில் இருக்கிறார் என்றார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

மாடியில் ஒரே அறை. கதவு திறந்திருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரியும் ஒரு கம்ப்யூட்டர். திரையில் துப்பாக்கிச் சண்டை. ஸ்பீக்கரில் யாரோ ஒரு விடலைப் பையனின் குரல் வந்துகொண்டிருந்தது.

"யோவ் அங்கிள், கண்ணு தெரியுதா இல்லியா? உன்னாலதான்யா தோத்தோம். பேசாம கேம அழிச்சிட்டு போய்ப் படு."

"சாரி தம்பி, சாரி. அடுத்த ரவுண்டு கரெக்டா கவர் பண்றேன்" என்றார் அவர். எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்டிராத, கெஞ்சும் குரல்.

நான் இருமினேன். திரும்பினார். அவசரமாக விளையாட்டை மூடினார். அதனடியில் விண்டோஸ் இருந்தது.

"இது லினக்ஸ்ல ஓடாது" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆபீஸ்ல சொல்லிகினு இருக்காதம்மா" என்றார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அந்த விண்டோஸிலிருந்தே கம்பெனி சர்வருக்குள் போய் இரண்டு நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார். பாஸ்வேர்டைச் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, அவர் விளையாடியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. யாரோ ஒரு முகம் தெரியாத பொடியனிடம் இரண்டு தடவை சாரி சொன்னாரே, அதுதான் உறுத்தியது. அந்த வார்த்தை அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஸ்டோர்ஸ்காரரிடம் சொல்வதற்கு மட்டும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, பலகையில் 711 என்று எழுதப்பட வேண்டிய நாள். காலையில் வந்து வரைபடங்களைத் திறந்தால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லாக் கோப்புகளின் பெயர்களும் மாறிக் கிடந்தன. கேட்டதைக் கொடுத்தால் திறந்துவிடுகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இருந்தது. யாரோ வெளியிலிருந்து சர்வருக்குள் புகுந்து மொத்தத்தையும் பூட்டிவிட்டார்கள். விண்டோஸில் ஓடிய எங்கள் மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் எதுவும் ஆகவில்லை. லினக்ஸில் ஓடிய அந்த ஒரு சர்வருக்குத்தான் ஆகியிருந்தது.

பேக்கப் எங்கே என்று முதலாளி கேட்டார். பேக்கப் வைத்திருந்த டிஸ்க்கும் அதே சர்வரில்தான் மாட்டியிருந்தது. அதுவும் பூட்டிக் கிடந்தது. அந்த வாரம் இரண்டு அச்சுகள் போயாக வேண்டும். வரைபடம் இல்லாமல் இரும்பைச் செதுக்கும் இயந்திரங்கள் நின்றுவிட்டன. ஷாப் ஃப்ளோரில் இருந்தவர்கள் வெளியே வந்து ஷெட்டின் நிழலில் உட்கார்ந்தார்கள். மூன்று வருஷத்து வேலை போனால் இந்தக் கம்பெனியைத் திறப்பதில் அர்த்தமில்லை என்று முதலாளி யாரிடமோ போனில் சொல்வது எல்லோர் காதிலும் விழுந்தது.

என் மேஜை டிராயரில், துப்பட்டாவில் சுற்றி ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. அட்மின் லீவில் இருந்தபோது நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லா வரைபடங்களையும் அதில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அன்று புதன். மூன்று நாள் வேலை மட்டும்தான் போகும்.

நான் சொல்லவில்லை. ஒன்பது மணிக்குச் சொல்லியிருக்க வேண்டியதை மதியம் வரை சொல்லவில்லை. அவர் வேர்த்துப்போய் அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மேஜையாகப் போய், எதையாவது எங்காவது காப்பி செய்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். எங்கள் மேஜைகளுக்கும் வந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அன்று அது இனித்தது.

கடைசியாக ஸ்டோர்ஸுக்குப் போனார். அங்கே கேட்டுப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தேதான் போனார் என்று நினைக்கிறேன். ஸ்டோர்ஸ்காரர் எழுந்து, தன் நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். "குந்துப்பா. காலைலேர்ந்து நின்னுகினே கீற. எதுனா சாப்ட்டியா?" என்றார்.

கண்ணாடித் தடுப்பு வழியாக அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போய் மேஜையில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தன. அட்மின் என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரூல மீறித்தான வெச்சிகினு இருந்த?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வெளியிலிருந்து ஒரு பாதுகாப்பு நிபுணரை முதலாளி வரவழைத்தார். என்னைவிட இளைய பெண். இரண்டு மணி நேரம் சர்வரைக் குடைந்துவிட்டு அட்மினைக் கூப்பிட்டாள். வரைபடங்களைச் சரிபார்க்க நானும் அந்த அறையில் இருந்தேன். இவர்கள் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதே, ஏன் சார் போடவில்லை என்று கேட்டாள்.

"போட்டா ரீஸ்டார்ட் பண்ணணும்."

அவள் கதவிலிருந்த பலகையைப் பார்த்தாள். "எந்த ஓஎஸ்ஸா இருந்தாலும் அப்டேட் போடலைன்னா இதான் சார் நடக்கும்" என்றாள். ஏளனம் துளியும் இல்லாமல் சொன்னாள். அவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அவள் அறிக்கை அனுப்ப ஒரு வாரம் ஆகும் என்றாள். அதற்குள் அவர் தன் அறிக்கையை முதலாளிக்கு அனுப்பிவிட்டார். காரணம், ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் திறக்கப்பட்ட மின்னஞ்சல் என்று அதில் எழுதியிருந்தார். நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஸ்டோர்ஸ்காரரை முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். அறையிலிருந்து வெளியே வந்தவர், தான் விலகிக்கொள்வதாகவும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படியும் முதலாளியிடம் சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னார். பணி ஓய்வுக்கு இரண்டு மாதம் பாக்கி. முப்பது வருஷம் அந்த ஸ்டோர்ஸில் ஒரு போல்ட்டு தவறியதில்லை.

நான் முதலாளி அறைக்குப் போனேன். அந்தப் பெண் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். வேண்டுமானால் இப்போதே அவளுக்குப் போன் செய்து கேளுங்கள் சார் என்றேன். கேட்டார். முகம் மாறியது. ஸ்டோர்ஸ்காரரைத் திரும்பக் கூப்பிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார். நான் போன காரியம் முடிந்துவிட்டது. வெளியே வந்திருக்கலாம்.

வரவில்லை. அட்மின் வீட்டு மாடியில் பார்த்ததையும் சொன்னேன். கலர் விளக்குகளையும் விண்டோஸையும் சொன்னேன். அந்தப் பொடியன் அங்கிள் என்று திட்டியதை அந்தக் குரலிலேயே சொல்லிக்காட்டினேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பத்தரை மணி டீ. அட்மின் கிளாஸை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். தரப் பரிசோதனை இன்ஜினியர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"நேத்து எத்தன பேர சுட்டீங்க அங்கிள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஸ்டோர்ஸ்காரர் மட்டும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்மின் குடிக்காத டீயை மேஜையில் வைத்தார். ரப்பர் செருப்போடு கேட்டைத் தாண்டிப் போனார். சர்வர் ஒழிந்ததற்கு இருந்த இடத்தில் நின்று சமாளித்தவர், இதற்குப் போய்விட்டார். திரும்ப வரவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். வேறு இடத்தில் வேலை கேட்டிருக்கிறாராம். அனுபவச் சான்றிதழ் கேட்கிறார்களாம். அவர் இங்கே வரமாட்டேன் என்கிறாராம், நீ வாங்கித்தர முடியுமா கண்ணு என்றார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் வேலை விட்டு வரும் நேரத்துக்கு எஸ்டேட் பஸ் நிறுத்தத்துக்குப் போய்க் கொடுத்தேன். கவரைப் பிரித்துப் பார்க்காமல் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் வரவில்லை. இருவரும் நின்றோம்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கமாட்டியே" என்றார்.

"கேளுங்கக்கா."

"ஆபீஸ்ல அவரு பேசுவாரா? ஊட்ல ஒரு வார்த்த பேசமாட்டாரு. கல்யாணமாயி பதினெட்டு வருசம். சோறு போடவான்னு கேட்டா தலைய ஆட்டுவாரு, அவ்ளோதான். அங்கயும் அப்டித்தானா?"

"இல்லக்கா. நிறையப் பேசுவாரு."

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "மெய்யாலுமா? இன்னா பேசுவாரு?"

ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த எதையாவது ஒன்றை, அந்த அம்மாள் வீட்டுக்கு எடுத்துப்போகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பஸ் வருவது தெரிந்தது.

"எல்லாம் வேலையப் பத்திதான்க்கா. நல்லா வெளக்கமா சொல்லுவாரு" என்றேன்.

"அப்டியா" என்றார். படியில் ஏறும்போதும், ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்குக் கையசைத்தார்.